ஞாபகம் வச்சிருக்கற சுவிட்ச்: கிணத்து மோட்டாரும் ஐம்பது மில்லிசெகண்ட் பல்ஸும்

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நானும் மைக்கும் மட்டும்தான். "எப்பப் பார்த்தாலும் சாஃப்ட்வேர், ஏஐ, இன்டர்வியூ டிப்ஸ்தானா, ஹார்டுவேர் பக்கம் வாங்க"ன்னு ரொம்ப நாளா சில பேர் கேட்டுட்டே இருக்கீங்க. சரி, வரேன். ஆனா இது நான் ஜெயிச்ச கதை இல்ல. ஐம்பது மில்லிசெகண்ட் வந்துட்டுப் போற ஒரு கரண்ட் பல்ஸைப் பத்தின கதை. அதை நான் தப்பான இடத்துல பயன்படுத்தினதால எங்க மாமாவோட கை போயிருக்கும்.

எங்க அம்மா ஊர் கோவில்பட்டி பக்கத்துல ஒரு கிராமம். சுத்தி எல்லாமே கரிசல் காடு. கி.ரா. பிறந்த இடைசெவல் அங்கிருந்து ரொம்ப தூரம் இல்ல. கரிசல்ல பெரும்பாலும் மானாவாரிதான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மிளகாய்னு விதைப்பாங்க. கிணறு இருக்கறவங்க கொஞ்சம் பேர்தான். மாமாவுக்கு ஒரு கிணறும், அதை நம்பி ரெண்டு ஏக்கர் மிளகாயும் இருக்கு. தை, மாசியில செடி வாடும்போது ரெண்டு தண்ணி கூடுதலா கொடுத்தா விளைச்சல், இல்லைன்னா இல்ல. அந்த ரெண்டு தண்ணிக்காகத்தான் மாமா ராத்திரியில ஒன்றரை கிலோமீட்டர் நடப்பார்.

ராத்திரியில ஏன்னு கேக்கறீங்களா? பம்ப்செட்டுக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் அப்ப நாள் முழுக்க வந்ததில்ல. பல வருஷமா பகல்ல சில மணி நேரம், ராத்திரியில சில மணி நேரம்னு முறை வச்சுதான் வந்துச்சு. கரண்ட் எப்ப வருதோ அப்ப போகணும். டார்ச் லைட்டும் கம்பும் எடுத்துட்டு, பாம்பு கிடக்கற வரப்புல போய், பச்சை பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிட்டு வரணும். அந்த ஒரு அமுக்குக்காக மூணு கிலோமீட்டர்.

இன்ஜினியரிங் படிச்ச மருமகன் இருக்கும்போது மாமா நடக்கலாமான்னு, "போன்லயே மோட்டார் போடற மாதிரி நான் செஞ்சு தரேன் மாமா"ன்னு சொல்லிட்டேன். இது புது ஐடியா எல்லாம் இல்ல. புனேயில சந்தோஷ் ஓஸ்ட்வால்னு ஒரு இன்ஜினியர், தன் தாத்தா ராத்திரியில மோட்டார் போடப் போறதைப் பார்த்துட்டுத்தான் 'நானோ கணேஷ்'னு போன்ல இயங்கற ஒரு கருவியை உருவாக்கினார். இன்னைக்கு கடையிலயே 'மொபைல் ஸ்டார்ட்டர்' கிடைக்குது. ஆனா சொந்தமா செய்யணும்னு எனக்கு ஒரு ஆசை. அங்கதான் ஆரம்பிச்சுது வினை.

ஏன் லாட்சிங் ரிலே?

மூணு ஃபேஸும் போனாலும் "கரண்ட் போயிருச்சு"ன்னு எனக்கு மெசேஜ் வரணும். அதனால என் பெட்டி பேட்டரியில ஓடணும். அதுக்குள்ள ஒரு ஈ.எஸ்.பி.32 சிப், ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், ஒரு சின்ன சோலார் பேனல். பேட்டரியில ஓடுற எதுக்கும் முதல் எதிரி சாதாரண ரிலேதான்.

சாதாரண ரிலே எப்படின்னா, காயில்ல கரண்ட் இருக்கற வரைக்கும் ஆன், கரண்டை எடுத்தா ஆஃப். 5 வோல்ட் சின்ன ரிலே சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரம் ஆன்ல இருந்தா 560 மில்லிஆம்பியர்-மணி போச்சு. ஒரு சின்ன லித்தியம் பேட்டரிக்கு அது பெரிய செலவு.

லாட்சிங் ரிலே வேற மாதிரி. உள்ள ஒரு நிரந்தரக் காந்தம் இருக்கும். காயில்ல ஒரு சின்ன பல்ஸ் கொடுத்தா கான்டாக்ட் அந்தப் பக்கம் சாயும், அப்புறம் காந்தமே அதைப் பிடிச்சு வச்சுக்கும், கரண்ட் தேவையில்ல. திரும்பக் கொண்டுவர இன்னொரு பல்ஸ். ஒரே காயில் இருக்கற வகைன்னா கரண்டைத் தலைகீழா விடணும். ரெண்டு காயில் வகைன்னா ஒண்ணு 'செட்', இன்னொண்ணு 'ரீசெட்'. நான் வாங்கினது ரெண்டு காயில் வகை. பல்ஸ் வரும்போது 120 மில்லிஆம்பியர் இழுக்கும், ஆனா ஐம்பது மில்லிசெகண்ட்தான். போட ஒண்ணு, நிறுத்த ஒண்ணுன்னு கூட்டினாலும் 0.0033 மில்லிஆம்பியர்-மணி. 560 எங்க, இது எங்க!

கோவில்பட்டிக்காரங்களுக்குச் சொல்லணும்னா இது தீப்பெட்டி கணக்குதான். குச்சியை ஒரு தடவை உரசுறோம், விளக்கு எரியுது. விளக்கு எரியற வரைக்கும் குச்சியைப் பிடிச்சுட்டு நிக்க வேண்டியதில்ல. பிடிச்சுட்டு நின்னா கைதான் சுடும்.

அந்த 'கை சுடும்'கறதை நான் செஞ்சே பார்த்தேன்.

ஒரே ஒரு பல்ஸ், அது தானா முடியணும்

நான் சாஃப்ட்வேர் ஆள். பல்ஸ்னா என்ன? பின்னை ஆன் பண்ணு, 50 மில்லிசெகண்ட் பொறு, ஆஃப் பண்ணு. மூணு வரி கோட். ஆனா நான் எழுதினது அப்படி இல்ல. பின்னை ஆன் பண்ணிட்டு, "மோட்டார் ஆன்"னு மெசேஜ் அனுப்பிட்டு, அதுக்கு அப்புறம் ஆஃப். ஒருநாள் ஜிஎஸ்எம் மாட்யூல் பதிலே சொல்லாம உக்காந்துருச்சு. என் கோட் அதுக்காகக் காத்துக்கிட்டே நின்னுச்சு. ஐம்பது மில்லிசெகண்ட் பல்ஸ் நாலு மணி நேரம் ஓடுச்சு. காயில் சூடாகி ரிலேயோட பிளாஸ்டிக் இளகிருச்சு, பேட்டரியும் காலி. நல்ல வேளை, அப்ப எல்லாம் என் மேசை மேலதான் இருந்துச்சு.

வரிசையை மாத்தி எழுதினா சரியாயிருக்குமேன்னு நீங்க கேக்கலாம். சரியாகும். ஆனா அடுத்த பக் எங்க இருந்து வரும்னு யாருக்குத் தெரியும்? பல்ஸை ஆரம்பிக்கறது மட்டும் சாஃப்ட்வேரோட வேலையா இருக்கணும். முடிக்கறது ஹார்டுவேரோட பொறுப்பு. சிப் செத்தே போனாலும் பல்ஸ் தானா முடியணும். இதுக்குத்தான் 'ஒன்-ஷாட்', அதாவது மோனோஸ்டேபிள் சர்க்யூட்.

காலேஜ் லேப்ல எல்லாரும் தொட்டிருக்கற 555 ஐசி ஞாபகம் இருக்கா? ஹான்ஸ் காமன்சிண்ட் 1971-ல வடிவமைச்சார், சிக்னெட்டிக்ஸ் கம்பெனி 1972-ல விற்பனைக்குக் கொண்டுவந்துச்சு. இன்னும் ஓடுது. ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போட்டா பல்ஸோட நீளம் கிடைக்கும்: 1.1 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கெப்பாசிட்டர். 47 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட்னா சுமார் 52 மில்லிசெகண்ட். ரிலேயோட டேட்டாஷீட்ல குறைஞ்சபட்ச பல்ஸ் எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க, அதுக்கு மேல கொஞ்சம் தாராளமா வைங்க.

இங்க மூணு குழி இருக்கு. மூணுலயும் நான் விழுந்தேன்.

ஒண்ணு, 555-ஐ தூண்ட அதோட ட்ரிகர் காலை கீழ இழுக்கணும். இழுத்தவன் விடாம இருந்தா பல்ஸும் முடியாது! அப்புறம் என்ன ஒன்-ஷாட்? அதனால சிப்புக்கும் ட்ரிகருக்கும் நடுவுல ஒரு குட்டி கெப்பாசிட்டர், 10 நானோஃபாரட். ட்ரிகர் பக்கம் 10 கிலோ ஓம் புல்-அப். இப்ப சிப் ஹேங் ஆகி அந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாலும், மாறுற அந்த ஒரு நொடித் துணுக்கு மட்டும்தான் ட்ரிகருக்குப் போகும்.

ரெண்டு, பழைய 555 சும்மா இருக்கும்போதே 5 வோல்ட்ல 3 மில்லிஆம்பியர் சாப்பிடும். ஒரு நாளைக்கு 72 மில்லிஆம்பியர்-மணி. ரிலேயில மிச்சம் பிடிச்சதை இதுல விட்டா எப்படி? 7555-னு சிமாஸ் வகை இருக்கு, அதைப் போடுங்க.

மூணு, லாட்சிங் ரிலே ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு வெளிய இருந்து தெரியாது. பார்சல்ல அடிபட்டா, கீழ விழுந்தா, காந்தம் அந்தப் பக்கம் சாஞ்சுட்டு வரலாம். இதை டேட்டாஷீட்லயே எச்சரிக்கையா போட்டிருப்பாங்க. பெட்டியோட பஸ் ஏறி கோவில்பட்டி வரதுக்குள்ள எத்தனை ஸ்பீட் பிரேக்கர்! அதனால பெட்டி உயிர் பெற்ற உடனே முதல் வேலை ஒரு ரீசெட் பல்ஸ்.

இதெல்லாம் சரி பண்ணி, எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் ஸ்டார்ட்டர்ல மாட்டினோம். ஸ்டார்ட்டர் காயிலுக்குப் போற வயர்ல என் லாட்சிங் ரிலேயை நேரா போட்டுட்டு, பச்சை பட்டனோட வயரைக் கழட்டி ஓரமா மடக்கி வச்சேன். அந்த அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, பச்சை பட்டன எதுக்குக் கழட்டுதீக?" நான் சிரிச்சுக்கிட்டே, "இனிமே அது வேண்டாம்ணே"ன்னு சொன்னேன். அதுக்கு மேல அவர் ஒண்ணும் பேசல.

அந்த மாசி மாசக் காலை

ரெண்டு மாசம் ஜம்முனு ஓடுச்சு. மாமா ஊர்ல எல்லார்கிட்டயும் பெருமை பேசிட்டு இருந்தார். ஒருநாள் காலையில ஆறு மணிக்கு நான் இங்க இருந்தே மோட்டாரைப் போட்டேன். எட்டு மணி வாக்குல கரண்ட் போச்சு. மாமா கிணத்துக்குப் போனார். புட்வால்வு ஒழுகி பம்புல தண்ணி இறங்கியிருந்துச்சு. அது பழைய செட்டு, மோட்டாரும் பம்பும் தனித்தனி, நடுவுல கப்ளிங். கிணத்துக்குள்ள பாதி ஆழத்துல ஒரு திட்டுல இருக்கு. கரண்ட் வர்றதுக்குள்ள பம்புக்குத் தண்ணி ஊத்தி வைப்போம்னு குடத்தோட இறங்கியிருக்கார். குனிஞ்சு ஊத்திட்டு இருக்கும்போது கரண்ட் வந்துருச்சு.

மோட்டார் தானா ஓடுச்சு.

தோள்ல கிடந்த துண்டு நழுவி கப்ளிங்ல சிக்கி ஒரு சுத்து சுத்துச்சு. மாமா உதறிட்டுப் பின்னால சாஞ்சார். பின்னால சுவர் இருந்துச்சு. இந்தப் பக்கம் சாஞ்சிருந்தா கிணறு.

அன்னைக்கு சாயங்காலம் மாமா எனக்குப் போன் பண்ணினார். திட்டல. "மருமவனே, தப்பு எம்மேலதான். மெயின ஆஃப் பண்ணிட்டுல்ல எறங்கியிருக்கணும்"னார். அது என்னை ரெண்டு நாள் தூங்க விடல. ஏன்னா தப்பு அவர் மேல இல்ல.

மறக்கறதுக்குன்னே செஞ்ச ஸ்டார்ட்டர்

மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்திருக்கீங்களா? பச்சை பட்டனை அமுக்கினா உள்ள இருக்கற காயில் காந்தமாகி கான்டாக்டை இழுக்கும். இழுத்த உடனே கூடவே இருக்கற ஒரு சின்ன கான்டாக்ட், பட்டன் செய்த வேலையைத் தான் எடுத்துக்கும். நீங்க கையை எடுத்தாலும் ஓடும். சிவப்பை அமுக்கினா அந்தப் பிடி விடும். கரண்ட் போனாலும் விடும்! திரும்ப கரண்ட் வந்தா? ஒண்ணும் நடக்காது. மறுபடி ஒரு மனுஷன் வந்து பச்சையை அமுக்கணும். அதனாலதான் எலக்ட்ரீஷியன்கள் அதை 'நோ-வோல்ட் காயில்'னு சொல்றாங்க. வோல்டேஜ் இல்லைன்னா மறந்துரு. அதுதான் அதோட பாதுகாப்பே.

மாமா முப்பது வருஷமா அந்த ஸ்டார்ட்டரோட பழகினவர். கரண்ட் போனா மோட்டார் பத்திரம், நம்ம கை வைக்காம அது ஓடாதுன்னு அவர் உடம்புக்கே தெரியும். அந்த நம்பிக்கையிலதான் இறங்கினார். நான் என்ன பண்ணினேன்? மறக்கற சுவிட்சை எடுத்துட்டு, மறக்காத சுவிட்சை வச்சேன். அவர்கிட்ட சொல்லவும் இல்ல. அது மாறினதே எனக்குத் தெரியாது, எப்படிச் சொல்வேன்?

யோசிச்சுப் பார்த்தா நான் கண்டுபிடிச்சதுக்கு ஊர்ல ஏற்கெனவே பேர் இருக்கு: 'ஆட்டோ சுவிட்ச்'. கரண்ட் வந்தா மோட்டார் தானா ஓடணும்னு மாட்டி வைக்கறது. சில இடத்துல பச்சை பட்டன்ல குச்சியைச் செருகி வச்சிருப்பாங்க, அதுவும் இதே வேலைதான். அவங்களைக் குறை சொல்ல முடியாது. கரண்ட் எப்ப வரும்னு தெரியாத இடத்துல வளர்ந்த பழக்கம் அது. நம்ம மாநிலத்துல பம்ப்செட் கரண்ட் லேசுல கிடைச்ச விஷயம் இல்ல. மின்கட்டணத்தை எதிர்த்து 1972-ல கோயம்புத்தூரை மாட்டு வண்டிகளால நிறைச்ச விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு, 1984 டிசம்பர்ல உயிர் விட்டது இதே கோவில்பட்டியிலதான். 1990-ல எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்துச்சு. காசு பிரச்சினை தீர்ந்துச்சு, நேரப் பிரச்சினை தீரல. அதுக்கு மக்கள் கண்ட பதில்தான் ஆட்டோ சுவிட்ச்.

ஆனா அதுக்கு ஒரு விலை உண்டு. ஒரு டிரான்ஸ்பார்மர்ல இருக்கற எல்லா மோட்டாரும் கரண்ட் வந்த அதே நொடியில கிளம்பினா, ஓடும்போது இழுக்கறதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை எல்லாமே ஒண்ணா இழுக்கும். வோல்டேஜ் படுத்துரும், பீஸ் போகும், சில சமயம் டிரான்ஸ்பார்மரே போகும். ஆள் இல்லாத ராத்திரியில கிணறு வத்தின அப்புறமும் மோட்டார் வெறும் ஓட்டம் ஓடும். தெலங்கானாவுல 2018 ஜனவரி 1-ல சுமார் 23 லட்சம் பம்ப்செட்டுக்கு 24 மணி நேர மின்சாரம் கொடுக்க ஆரம்பிச்சப்போ, அரசாங்கமே விவசாயிகள்கிட்ட ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழட்டச் சொல்லிக் கேட்டுக்கிட்டது இதனாலதான்.

பட்டனை அமுக்கற வேலை மட்டும்

சரி, எப்படி மாத்தினேன்? முதல்ல அந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். பச்சை பட்டனோட வயரை அவர் பழைய இடத்துலயே மாட்டினார். லாட்சிங் ரிலேயை எடுத்தாச்சு. அதுக்குப் பதிலா ரெண்டு சாதாரண ரிலே. ஒண்ணு பச்சை பட்டனுக்குப் பக்கவாட்டுல இணையா, இன்னொண்ணு சிவப்பு பட்டன் லைன்ல தொடரா. அதாவது என் பெட்டி இப்ப மாமாவோட விரல் செய்யற வேலையை மட்டும் செய்யும். ஒரு அமுக்கு, அப்புறம் கை எடுக்கணும்.

அதே 555 சர்க்யூட்தான். 47 கிலோ ஓமை எடுத்துட்டு 470 கிலோ ஓம் போட்டேன், பல்ஸ் அரை செகண்ட் ஆச்சு. கான்டாக்டர் இழுக்க அது தாராளம். பேட்டரி செலவு? 70 மில்லிஆம்பியர், அரை செகண்ட். 0.01 மில்லிஆம்பியர்-மணிகூட இல்ல! பேட்டரியை மிச்சம் பிடிக்க லாட்சிங் ரிலேயே தேவைப்படல. பிடிச்சு வைக்கற வேலையை ஸ்டார்ட்டர் ஏற்கெனவே செஞ்சுட்டு இருந்துச்சு, அதுவும் மெயின் கரண்ட்ல. ஏற்கெனவே இருக்கற லாட்ச் மேல நான் இன்னொரு லாட்ச் வச்சிருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. நிறைய மூணு ஃபேஸ் ஸ்டார்ட்டர்ல காயில் 415 வோல்ட்டுக்கு இருக்கும். கடையில கிடைக்கற சின்ன ரிலே கான்டாக்ட் 250 வோல்ட்டுக்குத்தான். அதை நேரா மாட்டாதீங்க. இந்த வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் இல்லாம செய்யவே செய்யாதீங்க.

கூடவே ரெண்டு மாற்றம். கரண்ட் திரும்ப வந்தா பெட்டி எதையும் போடாது, "கரண்ட் வந்திருக்கு, மோட்டார் நிக்குது"ன்னு மெசேஜ் மட்டும் அனுப்பும். அப்புறம் கிணத்து மேட்டுல ஒரு சாவி சுவிட்ச். இறங்கறவங்க சாவியைத் திருப்பி எடுத்து மடியில வச்சுக்கிட்டா, நான் எந்த ஊர்ல இருந்து என்ன பட்டன் அமுக்கினாலும் மோட்டார் ஓடாது. மெயினை ஆஃப் பண்றது எப்பவும் போல முதல் வேலை, இது அதுக்கு மேல.

அப்ப லாட்சிங் ரிலே கெட்டதா?

இல்லவே இல்ல. ஞாபகம் வேண்டிய இடத்துல அது தங்கம். ஸ்மார்ட் மீட்டர் இருக்கே, அதுக்குள்ள இணைப்பைத் துண்டிக்கறது லாட்சிங் ரிலேதான். கரண்ட் போய் வந்தாலும் வீட்டு இணைப்பு முன்னாடி இருந்த நிலையிலயே இருக்கணும், அங்க மறதிதான் பிரச்சினை.

மாமா காட்டுலயே இன்னொரு இடம் கிடைச்சுது. சொட்டு நீர் குழாய்க்குப் பேட்டரி வால்வு. அதுலயும் லாட்சிங் சோலனாய்டுதான், திறக்க ஒரு பல்ஸ், மூட தலைகீழா ஒரு பல்ஸ். இந்தத் தடவை முதல்லயே ஒரு கேள்வி கேட்டேன்: திறந்து வச்ச அப்புறம் பேட்டரி செத்துட்டா? வால்வு திறந்தே கிடக்கும், தொட்டித் தண்ணி எல்லாம் காலி. அதனால 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணை 12 வோல்ட்டுக்கு சார்ஜ் பண்ணி வச்சேன். அது நிறைஞ்சாத்தான் வால்வு திறக்கவே அனுமதி. பேட்டரி வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழ இறங்கினா, அந்தக் கெப்பாசிட்டர் தன்கிட்ட இருக்கறதை எல்லாம் ஒரே பல்ஸா கொட்டி வால்வை மூடிடும். மூடறதுக்கான காசைத் தனியா முடிஞ்சு வச்சுட்டு அப்புறம் திறக்கற மாதிரி. இதே உத்தியை லாட்சிங் ரிலேக்கும் பண்ணலாம். கரண்ட் போற நேரத்துல அதுவே ஒரு ரீசெட் பல்ஸ் வாங்கி மறந்துடும்.

நம்மள்ல பாதி பேர் சர்வர் கோட் எழுதறவங்க. கிராஷ் ஆனா விட்ட இடத்துல இருந்து தொடரணும்னுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஸ்டேட்டை இழக்கறது நம்ம ஊர்ல பாவம். ஆனா கம்பியோட அந்த முனையில மோட்டாரோ, ஹீட்டரோ, கேட்டோ இருந்தா, விட்ட இடத்துல ஒரு ஆள் குனிஞ்சு நின்னுட்டு இருக்கலாம். அதனால பல்ஸ் எத்தனை மில்லிசெகண்ட்னு கணக்கு போடறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: இப்ப எல்லாமே அணைஞ்சு, பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப வந்தா, இது எந்த நிலையில இருக்கணும்? அதோட, பக்கத்துல நிக்கற ஆள் எந்த நிலையை எதிர்பார்த்து நிக்கறார்?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். மாமா சாவியை அரைஞாண் கயித்துலயே கட்டி வச்சிருக்கார். "ராத்திரி நடக்கிறது நின்னுச்சு மருமவனே, அதுவே போதும்"னார். வரும்போது வழக்கம் போல ஒரு கிலோ கடலை மிட்டாய். அந்தப் பாதி கிழிஞ்ச துண்டைக் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். இப்ப இந்த மைக்குக்குப் பக்கத்துலதான் மடிச்சு வச்சிருக்கேன்.

உங்க வீட்டு கிணத்துல, மில்லுல, மாடி டேங்க்ல இந்த மாதிரி ஏதாவது தானா ஓடுற விஷயம் இருந்தா, அது கரண்ட் போய் வந்தா என்ன பண்ணுதுன்னு இந்த வாரம் பகல் வெளிச்சத்துல, யாரும் பக்கத்துல இல்லாதப்ப ஒரு தடவை பாருங்க. பார்த்துட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.